அடுத்த ரிஜிஸ்டர் எங்கே?

2004 தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள், காலை 10 மணி 41 நிமிடத்துக்கு எங்கள் சர்வர் படுத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் நிமிடம் பிசகாமல் சொல்ல முடிகிறதென்றால், அதன் லாக் கோப்பின் கடைசி வரியை ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வெகுநாள் வைத்திருந்ததுதான் காரணம். வரியில் இருந்தது டெக்சாஸ் நேரம், முந்தின இரவு 11:11. பதினொன்றரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வரும். அந்த வரி முடியவில்லை. ஒரு படத்தின் பெயரைப் பாதி எழுதி அப்படியே நின்றிருந்தது.

கேம்ப் ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர் வெப் ஹோஸ்டிங் தொழில் நடத்திக்கொண்டிருந்த காலம். சர்வர் அமெரிக்காவில், மாத வாடகைக்கு. ரெட் ஹேட் லினக்ஸ், அதன் மேல் அப்பாச்சி 2.0. இருபத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவர் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் தளம் வைத்திருந்தார். மார்கழி முழுக்க ஈ ஓட்டிய தளத்துக்குத் தை பிறந்ததும் கல்யாண வீட்டுக் கூட்டம். ஒவ்வொரு பக்கத்திலும் ராசிக் கட்டம், கிரகப் படம் என்று நாற்பது சின்னப் படங்கள். ஒவ்வொரு படத்தை அனுப்பும்போதும் லாகில் ஒரு வரி ஏறும்.

சர்வர் படுத்ததும் நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன், சிரிக்கலாம். அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தேன். வந்தது, உடனே திணறியது. மெஷினையே ரீபூட் செய்தேன். மெமரி பார்த்தேன், நெட்வொர்க் பார்த்தேன். யாரோ தாக்குகிறார்கள் என்று முடிவுகட்டி, டேட்டா சென்டர்காரனுக்குக் கோபமாக ஒரு மெயில் போட்டேன். மதியம் ஒரு மணிக்கு மேல், சேர்ந்து இரண்டு மாதம் ஆன பெண் மெதுவாகக் கேட்டார்: "சார், எர்ரர் லாக்ல என்ன போட்டிருக்கு?"

நான் அதைத் திறக்கவே இல்லை. திறந்தால், ஒரே செய்தி ஆயிரக்கணக்கான தடவை: வேலை பார்க்கும் புராசஸ் செத்தது, காரணம் கோப்பின் அளவு எல்லை மீறியது, சிக்னல் 25.

அந்தக் காலத்து 32 பிட் லினக்ஸில் அப்பாச்சி 2.0 ஒரு கோப்பில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 பைட் வரைக்கும்தான் எழுதும். இரண்டு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. வரிக்குச் சராசரி 200 பைட் என்று வைத்தால் ஒரு கோடி வரிக்குக் கொஞ்சம் மேல். ஜாதகத் தளத்தின் லாக் அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு எழுதப் போன ஒவ்வொரு புராசஸையும் கெர்னல் கொன்றது. அப்பாச்சி புதிதாக ஒன்றைப் பெற்றெடுக்கும். அதுவும் முதல் வரி எழுதப் போய்ச் சாகும். கோப்பின் பெயரை மாற்றிவைத்து ரீஸ்டார்ட் செய்தேன். அரை நிமிடத்தில் எல்லாத் தளங்களும் எழுந்தன. மூன்றே கால் மணி நேரம் தொலைத்த வேலை.

சாயங்காலம் செம்பாக்கத்து வீட்டுக்குப் போனேன். அப்பா திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, மதியம் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோம்?"

"சர்வர் படுத்துடுச்சுப்பா. யார் யார் வந்தாங்கன்னு எழுதுற நோட்டு நிரம்பிடுச்சு. அதனால கடையே சாத்திக்கிச்சு."

அப்பா பேப்பரை மடித்தார். தாம்பரம், செங்கல்பட்டு பக்கத்து ஸ்டேஷன்களில் முப்பத்தைந்து வருடம் உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ட்ரெயின் ரிஜிஸ்டர் நிரம்பினா வண்டியைக் கொண்டுபோய் ஹோம் சிக்னல்ல நிறுத்திடுவோமா? பத்துப் பக்கம் பாக்கி இருக்கும்போதே அடுத்தது மேஜை மேல வந்துடும். உன் அடுத்த ரிஜிஸ்டர் எங்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது வருடமாக நான் செய்துவரும் தொழிலின் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் இருக்கும் அந்தப் பெரிய ஏட்டைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பக்கத்து ஸ்டேஷன் லைன் கிளியர் கேட்ட நேரம், கொடுத்த நேரம், வண்டி வந்த நேரம், போன நேரம். அழிரப்பருக்கு அங்கே இடமில்லை. தப்பாக எழுதினால் மேலே ஒரு கோடு, பக்கத்தில் இனிஷியல், பிறகு சரியான எண். அடித்தது என்ன என்பதும் தெரிய வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது கையெழுத்து. எங்காவது விபத்து என்றால் அதிகாரிகள் முதலில் கைப்பற்றுவது அந்த ஏட்டைத்தான் என்பார் அப்பா.

சர்வர் லாகும் அதே ஜாதி. வழக்கமான ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வந்தவரின் ஐபி முகவரி. அடுத்து பெரும்பாலும் இரண்டு சிறு கோடுகள். சதுர அடைப்புக்குள் தேதி, நேரம், கடைசியில் உலக நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்ற கணக்கு. நம் ஊர் சர்வர் என்றால் கூட்டல் 0530. பிறகு மேற்கோளுக்குள் என்ன கேட்டார் என்பது. பிறகு மூன்று இலக்க விடை: 200 என்றால் கொடுத்தாயிற்று, 304 என்றால் உன்னிடம் இருப்பதே போதும், 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை, 500 என்றால் கோளாறு நம் பக்கம். பிறகு எத்தனை பைட். இன்னும் இரண்டு சேர்த்தால், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த பிரவுசரில் வந்தார்.

அந்த இரண்டு கோடுகளில் முதலாவது எனக்குப் பிடித்தமானது. எதிர்முனைக் கணினியிடமே "உன்னைப் பயன்படுத்துபவர் யார்?" என்று கேட்டுப் பெயரை எழுதுவதற்கென்று ஒதுக்கிய இடம் அது. இணையம் ஒரு சில பல்கலைக்கழகங்களுக்குள் இருந்தபோது அப்படிக் கேட்டால் பதில் வரும் என்று நம்பியிருக்கிறார்கள். இன்றைக்கு யாரும் கேட்பதும் இல்லை, பதிலும் இல்லை. கோடு மட்டும் மிச்சம். இந்த வரி வடிவம் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையத்தில், ராப் மெக்கூல் எழுதிய வெப் சர்வரோடு வந்தது. அந்த சர்வருக்கு ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு 1995-இல் உருவானதுதான் அப்பாச்சி. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்க ஆரம்பித்தது. நமக்கு இணையம் வந்த வயதுதான் அப்பாச்சிக்கும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் லாகைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் கேட்பார்கள்: நேரம் ஏன் முன்னும் பின்னுமாக இருக்கிறது, கடிகாரம் பின்னால் ஓடுகிறதா? கடிகாரம் சரிதான். வரியில் போடுவது கேட்ட நேரம். வரியை எழுதுவது கொடுத்து முடித்த பிறகு. ஒருவர் மெதுவான இணைப்பில் பெரிய பிடிஎஃப் ஒன்றை 10:02-க்குக் கேட்டு 10:19-க்கு வாங்கி முடித்தால், 10:19 வரிகளுக்கு நடுவே 10:02 என்று ஒரு வரி போய் உட்காரும். நடுவில் அந்த புராசஸே செத்துவிட்டால் வரியே விழாது. வராத வரியையும் கணக்கில் எடுக்கப் பழக வேண்டும்.

வழக்கமான வடிவத்தில் இல்லாத ஒன்றை எந்த சர்வர் அமைத்தாலும் சேர்த்துவிடுவேன்: கொடுத்து முடிக்க எவ்வளவு நேரம் பிடித்தது. அப்பாச்சி அதை மைக்ரோ விநாடியில் தரும். ஒரு விநாடியில் பத்து லட்சம். "சைட் ரொம்ப ஸ்லோ" என்று வாடிக்கையாளர் போனில் கத்தும்போது, எந்தப் பக்கம், எந்த நேரம், எத்தனை விநாடி என்று எதிரே வைக்க இது ஒன்றுதான் கை கொடுக்கும். வம்பு வந்த பிறகு சேர்த்தால் வம்பு நடந்த நேரத்துக்கு எண் இருக்காது. சாட்சியை முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்றும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்த ரிஜிஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். ரெட் ஹேட்டில் அதற்கென்றே லாக்ரொட்டேட் என்று ஒரு கருவி 2004-லும் இருந்தது. தினமும் அதிகாலை 4:02-க்கு ஓடும். வாரம் ஒருமுறை பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் திறக்கும். நாலு வாரத்துக்கு மேல் பழையதை அழிக்கும். பிறகு எங்களுக்கு ஏன் வினை வந்தது? அது அப்பாச்சியின் வழக்கமான லாக் டைரக்டரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்களோ ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவரவர் டைரக்டரிக்குள் தனி லாக் வைத்திருந்தோம். காவல்காரன் வாசலில் நின்றான், நாங்கள் நகையைக் கொல்லையில் வைத்திருந்தோம். மறுநாளே அந்த டைரக்டரிகளையும் பட்டியலில் சேர்த்தேன்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஓடுகிற சர்வரின் லாக் கோப்புக்கு வேறு பெயர் வைத்தால், அப்பாச்சி அந்தப் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அது பிடித்திருப்பது கோப்பை, பெயரை அல்ல. "புது ஏட்டைத் திற" என்று சிக்னல் கொடுத்தால்தான் மாறும். மரியாதையாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: இருக்கிற வேலையை முடித்துக்கொண்டு பிறகு மாறு. அப்படிச் சொன்னால் பழைய புராசஸ்கள் கொஞ்ச நேரம் பழைய ஏட்டிலேயே எழுதிக்கொண்டிருக்கும். அதனால் மாற்றிய கையோடு பழையதைச் சுருக்கிக் கட்டிவிடக் கூடாது. ஒரு சுற்று பொறுக்க வேண்டும்.

இதை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்த நானே 2009-இல் வேறொரு பள்ளத்தில் விழுந்தேன். அதற்குள் எங்கள் சொந்தக் கடையை மூடிவிட்டு ஒரு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். முகவரி மாற்றி அனுப்பும் விதி ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதைத் துப்பறிய ரீரைட் லாகை 9 என்ற உச்ச அளவில் திறந்துவிட்டேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கம் பக்கமாக எழுதும் அளவு அது. கோளாறைக் கண்டுபிடித்தேன், சரிசெய்தேன், சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். லாகை மூட மறந்தேன்.

ஞாயிறு ராத்திரி இரண்டு மணிக்குப் போன். டிஸ்க் நூறு சதவீதம். டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் காத்து நின்றது. தூக்கக் கலக்கத்தில் அந்த 18 ஜிபி லாகை அழித்தேன். இடத்தைப் பார்த்தால், அதே நூறு சதவீதம். மறுபடி பார்த்தேன், அதே. கோப்பு கண்ணுக்குத் தெரியவில்லை, இடத்தை மட்டும் விடவில்லை. பெயரை அழித்தாலும், அப்பாச்சி அதைத் திறந்து பிடித்திருக்கும்வரை வட்டில் அது உயிரோடு இருக்கும். ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் இடம் திரும்பியது. ஓடுகிற சர்வரின் லாகை அழிக்கக் கூடாது, காலியாக்க வேண்டும் என்பது அன்று ராத்திரி பிடரியில் அடித்துச் சொல்லப்பட்ட பாடம்.

செம்பாக்கத்துக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள ஏரியைப் பார்த்தால் போதும். எங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்தது, நகராட்சியானது, 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஏரி இருந்த இடத்தில் இருக்கிறது. ஏரி கட்டிய ஆட்கள் கரையை மட்டும் உயர்த்திவிட்டுப் போகவில்லை. நிரம்பினால் வெளியேறக் கலங்கல் வைத்தார்கள். இங்கே வழிந்தால் நன்மங்கலம் ஏரிக்கு, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கு. நாம் செய்வது கலங்கல் இல்லாத ஏரி. பெரிய டிஸ்க் வாங்குவது கரையை உயர்த்துவது மாதிரி. உடைப்பைத் தள்ளிப்போடும், தடுக்காது. 2009-க்குப் பிறகு நான் அமைத்த எந்த சர்வரிலும் லாகும் டேட்டாபேஸும் ஒரே பகுதியில் இருக்காது. லாக் நிரம்பினால் லாக் மட்டும் நிற்கட்டும்.

அடுத்த கதையில் கோளாறு லாகில் இல்லை, லாகை நம்பியதில் இருந்தது. 2013-இல் கூட்டம் தாங்காமல் இரண்டு வெப் சர்வர்களை வைத்து, முன்னால் ஒரு லோட் பேலன்ஸர் நிறுத்தினோம். அன்றிலிருந்து லாகில் எல்லா வரியிலும் ஒரே முகவரி. வருகிறவர்கள் எல்லோரும் பேலன்ஸர் வழியாக வருவதால், சர்வருக்குத் தெரிந்தது அதன் முகம் மட்டும். இது எனக்குத் தெரியும். நாளை பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். லாகைப் படித்து, திரும்பத் திரும்பத் தவறான பாஸ்வேர்ட் போடுகிற முகவரியைத் தானாகத் தடுக்கும் ஃபெயில்டுபேன் என்ற கருவி அதே சர்வரில் ஓடிக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். ஒரு நாள் எவனோ லாகின் பக்கத்தைத் தட்டோ தட்டென்று தட்டினான். கருவி தன் கடமையைச் செய்தது. லோட் பேலன்ஸரையே தடுத்துவிட்டது. ஊர் முழுக்க வெளியே, நாங்கள் உள்ளே.

பேலன்ஸர் உண்மையான முகவரியைத் தனித் தலைப்பில் எழுதி அனுப்பும். அதை எடுத்து லாகில் போட அப்பாச்சி 2.4-இல் வழி இருக்கிறது. ஆனால் அந்தத் தலைப்பை யார் வேண்டுமானாலும் பொய்யாகவும் எழுதி அனுப்பலாம். நம் பேலன்ஸர் சொன்னால் மட்டும் நம்பு, மற்றவன் சொன்னால் நம்பாதே என்று பெயர் குறித்துச் சொல்ல வேண்டும்.

சரியான முகவரி கிடைத்துவிட்டாலும் ஆள் கிடைத்துவிட மாட்டார். புறநகரில் ஒரு கல்லூரி. அவர்கள் தளத்தின் கருத்துப் பெட்டியில் யாரோ கன்னாபின்னாவென்று எழுதிவிட்டார்கள். முதல்வர் என்னைக் கூப்பிட்டார்.

"உங்க லாக்ல எல்லாம் இருக்குமாமே. அந்தப் பையன் பேரைச் சொல்லுங்க, இன்னிக்கே டிசி கொடுத்துடறேன்."

பார்த்தேன். முகவரி இருந்தது. அது அவர்கள் ஹாஸ்டலின் முகவரி. "இது பையனோட நம்பர் இல்லைங்க சார். முன்னூறு பேர் இந்த ஒரு நம்பர்லதான் வெளிய போறாங்க." அவருக்கு என்மேல் வருத்தம்; ஆளை நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தார். அப்பாவிடம் சொன்னேன். "ரிஜிஸ்டர்ல வண்டி நம்பர்தான் இருக்கும். எந்தப் பெட்டியில எவன் உக்காந்திருந்தான்னு இருக்குமா?" என்றார். மொபைல் நிறுவனங்களும் இப்போது ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே முகவரியில்தான் வெளியே விடுகின்றன. முகவரியைக் காட்டி ஒருவர் மேல் பழி போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு அந்த ஹாஸ்டல்தான் ஞாபகம் வரும்.

லாகில் இருக்கவே கூடாத சங்கதியும் உண்டு. ஒரு தடவை, கட்டணம் கட்டும் தளம் ஒன்றின் லாகைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரிக்கு வரி மொபைல் எண், பக்கத்திலேயே பாஸ்வேர்ட். தளத்தை எழுதியவர் லாகின் படிவத்தை முகவரி வழியாகவே தகவல் அனுப்பும்படி செய்திருந்தார். முகவரியில் வருவதெல்லாம் லாகில் ஏறும். அந்தக் கோப்பை அலுவலகத்தில் யாரும் திறக்கலாம் என்ற நிலை. படிவத்தை மாற்ற வைத்தோம், பழைய கோப்புகளில் அந்தப் பகுதியைத் துடைத்தோம், எல்லோரையும் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்னோம். அழிரப்பர் கூடாது என்று வளர்ந்தவன் நான். அன்று ஒருநாள் அழிரப்பரை எடுத்தேன். எதை எழுதக் கூடாது என்பதும் ஏடு எழுதுகிறவனின் பொறுப்பு. லாக் டைரக்டரியில் எழுதும் உரிமையை நிர்வாகியைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அப்பாச்சி கையேடே எச்சரிக்கிறது. அங்கே எழுத முடிந்தவன் சர்வரையே பிடிக்க வழி உண்டு.

2014 இந்தத் தொழிலில் மறக்க முடியாத ஆண்டு. ஏப்ரலில் ஹார்ட்பிளீட். ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இருந்த ஓட்டை வழியாக சர்வரின் நினைவகத்தைத் துண்டு துண்டாக உருவிக்கொண்டு போகலாம். லாகில் தேடினேன், ஒரு வரி இல்லை. திருட்டு நடந்தது பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் கட்டத்தில். வெப் கோரிக்கை என்ற ஒன்று அங்கே உருவாகவே இல்லை, அப்பாச்சி எழுத என்ன இருக்கிறது? லாகில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது என்று அப்போது புரிந்தது.

செப்டம்பரில் ஷெல்ஷாக். அது நேர்மாறு. 24-ஆம் தேதி வெளியில் தெரிந்தது. மறுநாளே எங்கள் லாகில் பிரவுசர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளும் கட்டளைகளுமாக வரிகள். திருடன் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்ததன் கைரேகை முழுசாகப் பதிந்திருந்தது. எந்த சர்வரை முதலில் சரிசெய்வது என்று அந்த வரிகளே சொல்லிக் கொடுத்தன.

2021 டிசம்பரில் வந்ததுதான் எல்லாவற்றையும் விட வினோதம். ஜாவாக்காரர்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் லாக்ஃபோர்ஜே என்ற நிரலிலேயே ஓட்டை. ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுத்துகளை அனுப்பினால், அதை ஏட்டில் எழுதப் போகும்போது நிரல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆபத்தான நிரலைக் கொண்டுவந்து ஓட்டும். எழுதியதே குற்றமாகிப்போனது. அந்த வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் நான் வீட்டில் சாப்பிட்டது ஞாபகமில்லை.

நடுவில் 2015 டிசம்பர் 1. அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு புத்தக வியாபாரி. தரைத்தளத்து அலுவலகத்தில் அவருக்கு ஒரு சர்வர் வைத்துக் கொடுத்திருந்தேன். மெஷின் கண் முன்னால் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. ராத்திரி தண்ணீர் இடுப்பளவு. நாலு நாள் கழித்துக் கதவைத் திறந்தபோது பெட்டிக்குள் சேறு. முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் வெளியே இருந்தது. அன்றைய ஆர்டர்கள் போய்விட்டன.

லாகை மட்டும் அவ்வப்போது குழாய் வழியாக மும்பையில் இருந்த ஒரு மெஷினுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன். அங்கே போய்ப் பார்த்தேன். கடைசி வரி மாலை 6 மணி 53 நிமிடம். இந்தத் தடவை முழு வரி. ஆர்டர் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்தின் முகவரியில் ஆர்டர் எண் இருக்கும். அன்று காலையிலிருந்து 17 எண்கள். வியாபாரி தன் மெயில் பெட்டியை வைத்து ஒவ்வொன்றாக ஆளைக் கண்டுபிடித்துப் போன் செய்தார். பலர் தண்ணீருக்கு நடுவே இருந்தார்கள். "புஸ்தகம் இருக்கட்டும் சார், நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. ஏட்டின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. எல்லா சர்வர் லாகும் 180 நாள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். கடிகாரங்கள் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இணையத் தாக்குதல் எதுவும் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். பலர் முணுமுணுத்தார்கள். ஆறு மணி நேரம் குறைவு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கடிகாரத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன். டெக்சாஸ் நேரத்தையும் நம் நேரத்தையும் கூட்டிக் கழித்து, அங்கே கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதை மறந்து, தப்பான மணி நேரத்து லாகை ஒரு பகல் முழுக்கப் படித்தவன் நான். இரண்டு ஸ்டேஷன்களின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் ரிஜிஸ்டருக்கு அர்த்தமே இல்லை என்பது அப்பாவின் ஆட்களுக்கு எப்போதோ தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சர்வர் படுத்தால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எர்ரர் லாகின் கடைசி இருபது வரியைப் படியுங்கள். எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது, எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று சர்வர் அமைக்கும் நாளிலேயே தீர்மானியுங்கள். துப்பறியத் திறந்த லாகை, கண்டுபிடித்த நிமிடமே மூடுங்கள்.

இப்போது நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்களில் தினமும் நள்ளிரவு புது ஏடு திறக்கிறது. ஒரு பிரதி வேறு ஊருக்குப் போகிறது. 181-ஆம் நாள் பழையது தானாக அழிகிறது. நேற்று ராத்திரியும் ஒன்று போனது.